வான்கோழியும் அரை நிமிட ரயிலும்

டிவியில் அரை நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால், உங்கள் வீட்டில் முதலில் ரிமோட்டை எடுப்பது யார்?

பதில் தெரியாவிட்டால் ஸ்கிரிப்டை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சீரியஸாகத்தான் சொல்கிறேன். இந்த ஒரு கேள்வியைக் கேட்க நான் கற்றுக்கொள்வதற்குள் ஒரு வான்கோழி குறுக்கே வந்துவிட்டது.

நீங்கள் இருவரும் எங்கள் டைரக்டர் அண்ணாவின் யூனிட்டில் உதவியாளராகச் சேர்ந்த சூட்டிலேயே சேனல் உங்கள் சீனை வெட்டிவிட்டதாம். "அக்கா, சண்டை போடலாமா, கம்முனு இருக்கலாமா?" என்று மெயில் அனுப்பியிருக்கிறீர்கள். அக்கா என்றதற்கு முதலில் என் கண்டனம். எனக்கு இருபத்தாறு வயதுதான். ஆனால் சீரியலில் இருந்து ரிட்டயர் ஆகிவிட்டேன். இப்போது நாவலூரில் ஏசியில் உட்கார்ந்து எந்த நாட்டுப் பிள்ளைகளுக்கோ கம்ப்யூட்டர் பாடம் எழுதுகிறேன். அங்கே என் வரியை யாராவது வெட்டினால் தேங்க்ஸ் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறேன். அப்படி ஒரு நிம்மதி. இன்று ஞாயிற்றுக்கிழமை, அதனால் நீளமாகவே அடிக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் உங்கள் தலையெழுத்து.

'கேட் பக்கத்து வீடு' என்ற பழைய தொடரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் ஸ்கூல் படிக்கும்போது அரசு சேனலில் வாரம் ஒரு நாள் வரும். ரயில்வே கேட்டை ஒட்டி ஒரு வீடு. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். பெரிய கதை எதுவும் கிடையாது. வாரம் ஒரு சண்டை. ஒருவன் காலேஜுக்கு மட்டம் போடுவான், ஒருத்தி கல்யாணம் வேண்டாம் என்பாள், அப்பா ஸ்கூட்டரை எவனுக்காவது இரவல் கொடுத்துவிட்டு நடந்து வருவார். சண்டை ஏறிக்கொண்டே போகும். கடைசியில் யாராவது ஒருவர், சொன்னால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாத ஒரு வார்த்தையைச் சொல்ல வாயைத் திறப்பார். அப்போது ரயில் வரும்.

வீடே அதிரும். கத்தினாலும் கேட்காது. எல்லோரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். அம்மா அடுப்பைச் சின்னதாக்குவாள். அப்பா மேஜை மேல் ஆடும் டம்ளரைக் கையால் பிடித்துக்கொள்வார். ரயில் போய்விடும். போனதும், வாயைத் திறந்தவர் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார். வேறு ஏதாவது சொல்வார். "சோத்த போடு" என்பார். தொடர் அவ்வளவுதான். அதற்குத்தான் ஊரே வாரா வாரம் உட்கார்ந்திருந்தது.

இதை யாரும் ரூம் போட்டு யோசிக்கவில்லை. அந்தக் காலத்தில் அவர்கள் ஷூட் பண்ணியது இரும்புலியூரில் நிஜமாகவே தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில். நடுவில் ரயில் வந்தால் கட் சொல்லாமல் கேமராவை ஓட விடுவார்கள், நடிகர்கள் காத்திருந்து அடுத்த வரியைச் சொல்வார்கள். எடிட்டிங்கில் ரயிலை வெட்ட வேண்டும். ஒரு வாரம் அவசரத்தில் வெட்டாமல் அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் வந்த கடிதம் முழுக்க அந்த ரயிலைப் பற்றித்தானாம். டைரக்டர் அண்ணா அப்போது அங்கே உங்களைப் போல உதவியாளர். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் வீடும் இரும்புலியூர்தான், அதே தண்டவாளம்தான். ப்ளஸ் டூவில் நான் கணக்கில் கோட்டை விட்ட அன்றைக்கு என் அப்பா ரிசல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். செங்கல்பட்டு லோக்கல் வந்தது. போனதும், "கை கழுவிட்டு வா, உங்கம்மா தோசை ஊத்துறா" என்றார். அவர் சொல்ல வந்தது என்ன என்று இதுவரைக்கும் எனக்குத் தெரியாது. அதனால் அந்த ரயில் எனக்கு ஒரு டெக்னிக் இல்லை. எங்கள் வீட்டுப் பழக்கம்.

பல வருடம் கழித்து ஒரு தனியார் சேனல் இந்தத் தொடரை மறுபடி எடுக்க உரிமை வாங்கியது. தினமும் எட்டு மணிக்கு. டைரக்டர் நம் அண்ணா. வசனம் நான், காலேஜில் விஸ்காம் முடித்துச் சான்றிதழ்கூட வாங்கவில்லை. பழைய தொடரில் அம்மாவாக நடித்த மரகதம் அக்காவைத் திரும்பக் கூட்டி வந்தால்தான் ப்ராஜெக்ட் என்று சேனல் சொல்லிவிட்டது. அவர் எங்களிடம் சம்பளம்கூடப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரயில் இருக்குல்ல தம்பி?"

"இருக்குக்கா," என்றார் அண்ணா.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஷூட்டிங் வீடு எடுத்தோம். அங்கே ரயில் கிடையாது, அதைச் சவுண்டு மிக்ஸிங்கில் போட்டுக்கொள்ளலாம் என்று ப்ளான். ஃபர்ஸ்ட் மீட்டிங்குக்குச் சேனல் மேடம் வந்தார். எங்கள் தொடருக்கு அவர்தான் பொறுப்பு, அவர் ஓகே சொன்னால்தான் டேப் வெளியே போகும். கையில் ரெண்டு போன். ஆனால் யூனிட் சாப்பாட்டையே உட்கார்ந்து சாப்பிடுவார், கெத்து காட்ட மாட்டார். அதனால் அவரை வில்லியாக நினைப்பதற்கே எனக்குக் கஷ்டமாக இருந்தது. முயற்சி செய்து நினைத்துக்கொண்டேன்.

"பேரு சூப்பர் சார். பழைய ஆடியன்ஸ் அப்படியே வந்துருவாங்க. இந்த ரயில் மேட்டர் மட்டும்தான்..."

"ரயில் மேட்டர்தான் மேடம் மேட்டரே," என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

"அரை நிமிஷம் யாரும் பேச மாட்டாங்க, அதான?"

"ஆமா மேடம்."

"எட்டு மணி ஸ்லாட்ல."

"ஆமா மேடம்."

"அந்த கேப்ல ஆடியன்ஸ் பக்கத்து சேனல் போயி, அங்க ஒரு கொலையவே பாத்துட்டு வந்துருவாங்கம்மா."

அப்புறம் அவர் பக்கத்து விஷயங்கள் வந்தன. அதிர்ச்சியான இடத்தில் முகத்தை மூன்று முறை ஃப்ரீஸ் பண்ண வேண்டும். இடி சத்தம் வேண்டும். பாயசத்தில் ஏதாவது கலக்குகிற மாதிரி ஒரு பெரியம்மா வேண்டும். அண்ணா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ரயில எடுத்துட்டா அது வேற சீரியல் மேடம்."

"அப்ப வேற சீரியலே எடுங்க. பேரு மட்டும் இது இருக்கட்டும்."

மேடத்தின் கார் கிளம்பியதும் அண்ணா என்னிடம் வந்தார். "ஜெனி, ஒரு ஆடு ரெடி பண்ணு."

ஆடு என்றால் தெரியும்தானே? தெரியாவிட்டால் இந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். சேனலுக்கு அனுப்புகிற ஸ்கிரிப்டில் வேண்டுமென்றே ஒரு கேவலமான சீனை வைப்பது. வெட்டுவது அவர்கள் வேலை, ஏதாவது ஒன்றை வெட்டினால்தான் அவர்களுக்கும் சம்பளம் செரிக்கும். அந்தக் கேவலத்தை வெட்டிவிட்டுத் திருப்தியாகி, நாம் காப்பாற்ற நினைப்பதை விட்டுவிடுவார்கள். இதுதான் கணக்கு. எங்கள் யூனிட்டில் எல்லோரும் ஆடு வளர்த்தவர்கள்தான்.

நான் என் வன்மம் முழுவதையும் திரட்டி எழுதினேன். அந்த வீட்டு மாமா ஊரிலிருந்து ஒரு வான்கோழியோடு வருவார். குடும்ப ரகசியங்களை எல்லாம் அதனிடம் சொல்லி அழுவார். அது பதில் சொல்வது போலக் கத்தும். மாமா, "நீயாவது என்ன புரிஞ்சுகிட்டியே" என்பார். மனசாட்சி உள்ள எந்த மனிதரும் இதை ஓகே பண்ண முடியாது. அண்ணா படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். "செம ஆடு," என்றார்.

மறுநாள் மேடம் போன் பண்ணினார். அண்ணா ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், அந்த வான்கோழி யாரு ஐடியா?"

"நம்ம ஜெனி மேடம். வேணாம்னா தூக்கிடலாம், அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா."

"தூக்கறதா? சூப்பரா இருக்கு சார். குழந்தைங்க உக்காந்து பாக்கும். வாரம் மூணு சீன் வெச்சுருங்க. ரயில மட்டும் எடுத்துருங்க."

அண்ணா போனை வைத்தார். "ஆடு நம்மள மேஞ்சிருச்சு ஜெனி."

இதிலிருந்து உங்களுக்கு ஒன்று. ஆடு வைக்காதீர்கள் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள், நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் உயிரோடு திரும்பி வந்தால் கூடவே குடித்தனம் நடத்த முடிகிற ஆடாக வையுங்கள்.

வான்கோழி வந்தது. ப்ரொடக்‌ஷன் மேனேஜர் மூர்த்தி அண்ணன் அகரம் பக்கத்தில் யார் வீட்டிலோ பிடித்து ஆட்டோவில் கொண்டு வந்தார். அதற்கு ஒரே ஒரு குணம், சத்தம் கேட்டால் பதிலுக்குக் கத்தும். க்ளாப் அடித்தால் கத்தும். அண்ணா "ஆக்‌ஷன்" என்றால் அதைவிடச் சத்தமாகக் கத்தும்.

"இன்னா டைரக்டரே, நீ ஒண்ணு சொன்னா அது ரெண்டு சொல்லுது," என்றார் மூர்த்தி. "இந்த செட்ல உன்ன எதுத்துப் பேசறது அது ஒண்ணுதான் கீது."

அன்றிலிருந்து அண்ணா "ஆக்‌ஷன்" என்பதை ரகசியம் போலச் சொல்ல ஆரம்பித்தார். அதைப் பார்த்துக்கொண்டே மரகதம் அக்கா காஸ்ட்யூமோடு வராந்தாவுக்கு வந்தார்.

"தம்பி, ரயில் இருக்குன்னு சொன்ன. வான்கோழி இருக்குன்னு சொல்லலியே."

அண்ணா ஸ்கிரிப்ட் பேப்பரைப் புரட்டினார்.

"ரயில் இல்லியாமே. மேக்கப் ரூம்ல பேசிக்கிறாங்க."

"பேசிகிட்டு இருக்கோம்க்கா."

"பேசுங்க. ரயில் இல்லன்னா நான் இல்ல. அம்மா வேஷத்துக்கு அதையே போட்டுக்கோ, நல்லாத்தான் சவுண்டு விடுது."

அவர் போனால் ப்ராஜெக்டே இல்லை. சேனல் அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தது. ஆக ரயில் போனால் அக்கா போவார், அக்கா போனால் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அண்ணா மேடத்திடம் கெஞ்சி ஒரு வாய்ப்பு வாங்கினார். முதல் எபிசோடை ரயிலோடு முடித்துக் காட்டுகிறோம், பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். "பாக்கறேன், ப்ராமிஸ்லாம் இல்ல," என்றார் மேடம்.

உயிரைக் கொடுத்து எடுத்தோம். மரகதம் அக்கா அந்த அரை நிமிடத்தில் முகத்தில் எதுவுமே செய்யாமல் அடுப்பை மட்டும் பார்த்தார், யூனிட்டில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சினார்கள். மிக்ஸிங்கில் அண்ணா இன்னும் ஒரு படி மேலே போனார். சத்தங்களை ஒவ்வொன்றாக இறக்கி, ரயிலை எங்கேயோ தூரத்தில் மூச்சு விடுவது போல வைத்தார். கிட்டத்தட்ட முழு நிசப்தம். கவிதை மாதிரி இருந்தது. நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டோம்.

சேனல் ஆபீஸில் ஒரு சின்ன அறையில் மேடத்துக்குப் போட்டுக் காட்டினோம். சண்டை சீனை நன்றாகப் பார்த்தார். ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தார். பையன் வாயைத் திறந்தான். ரயில் வந்தது, அதாவது எங்கள் கவிதை வந்தது. ஒரு சத்தமும் இல்லை.

மேடம் எழுந்து போய் டிவிக்குப் பின்னால் கையை விட்டு ஒயரை ஆட்டிப் பார்த்தார்.

"சவுண்டு போயிருச்சா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்த நேரத்தில் அவரிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அது இங்கே வேண்டாம், அதில் ரசனை என்ற சொல்லும் எருமை என்ற சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சொல்லியிருந்தால் அன்றோடு தொடரும் காலி, நானும் காலி. வாயைத் திறந்துவிட்டேன். அந்த ஆபீஸ் பக்கத்தில் ரயில் கிடையாது.

ஆனால் அவர் கை இன்னும் ஒயரிலேயே இருந்தது. நடிக்கவில்லை, குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே சத்தம் போய்விட்டது என்று நினைத்து, சரிபண்ணப் பார்க்கிறார். அந்தக் கையைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"மேடம், உங்க வீட்ல ரிமோட் யார் கையில இருக்கும்?"

"ஏன்?"

"சும்மாதான் கேக்கறேன்."

"எங்க அத்தை கையில. காலைல எந்திரிச்சதுலேருந்து அவங்க கையிலதான்."

"சவுண்டு நின்னா என்ன பண்ணுவாங்க?"

"கேபிள் போச்சுன்னு அடுத்த சேனல மாத்திப் பாப்பாங்க. அங்க சவுண்டு வந்தா அங்கியே உக்காந்துருவாங்க. நான் பண்ற ப்ரோக்ராம்னு தெரியும், அப்பவும் திரும்பி வர மாட்டாங்க. என் வீட்லியே இப்படின்னா தாம்பரத்துல மத்த வீட்டயெல்லாம் யோசிச்சுப் பாரு."

இதுதான் விஷயம். அவருக்கு ரயில் மேல் கோபமே இல்லை. கேபிள் மேல்தான் பயம். நம் பக்கம் மழைத் தூறல் விழுந்தாலே கேபிள் போகும். சத்தம் நின்றால் ஜனம் முதலில் அதைத்தான் நினைக்கும்.

அடுத்த நொடி எனக்கு இன்னொன்றும் உறைத்தது. பழைய தொடரில் அது நிசப்தமே இல்லை. காது கிழிகிற சத்தம். யாரும் பேசவில்லை என்பதை மட்டும் நாங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டு, ஏன் பேசவில்லை என்பதை மறந்துவிட்டோம். மேடத்திடமிருந்து நாங்கள் காப்பாற்றிக்கொண்டிருந்தது பழைய ரயிலையே இல்லை.

வெளியே வந்து அண்ணாவிடம் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப என் மிக்ஸ் குப்பைன்றியா?"

"குப்பை இல்லண்ணா. அழகா கீது. ரயிலத்தான் காணோம்."

அவர் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு, "உங்க வூட்டாண்ட எத்தினி மணிக்கு எக்ஸ்பிரஸ் போவும்?" என்று கேட்டார்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுச் சமையலறையில் மைக் வைத்தோம். பாத்திரங்கள் அதிர்வது, ஜன்னல் கண்ணாடி, டம்ளர், எல்லாம் ரெக்கார்ட் ஆனது. அம்மா பேசக்கூடாது என்று அண்ணா கேட்டுக்கொண்டார். அப்பா மட்டும், "இந்தச் சத்தம் தாங்காம நாலு குடும்பம் காலி பண்ணிட்டுப் போச்சு, நீங்க மைக் வெச்சுப் புடிச்சுட்டுப் போறீங்க," என்றார். அந்தச் சத்தத்தை அப்படியே மிக்ஸில் ஏற்றினோம். ஷூட்டிங் வீட்டில் போட்டுப் பார்த்தபோது வான்கோழி பதிலுக்குக் கத்தியது. அது சரியாக வந்திருக்கிறது என்பதற்கு எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சிடியை மேடத்திடம் கொடுக்கும்போது நான்தான் சொன்னேன். "உங்க அத்தைக்குப் போட்டுக் காட்டுங்க மேடம். ரயில் சீன்ல அவங்க ரிமோட்ட எடுத்தா நாங்களே ரயில வெட்டிடறோம். எடுக்கலன்னா இருக்கட்டும்."

மேஜைக்கடியில் அண்ணா என் காலை மிதித்தார். மேடம் முதல் தடவையாக என்னை ஒரு ஆளாகப் பார்த்தார்.

"எங்க அத்தையவா ஜட்ஜ் ஆக்கற?"

"எட்டு மணிக்குப் பாக்கப் போறது அவங்கதான மேடம்."

அடுத்த நாள் ஷூட்டிங் ஆரம்பிக்கவில்லை. மரகதம் அக்கா பையைக் கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மேக்கப் போடவில்லை. மேடத்தின் கார் வந்தது. இறங்கினார், நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், டீ கேட்டார். டீ வந்தது.

"ரிமோட்ட எடுத்தாங்க," என்றார்.

அண்ணா தலையைக் குனிந்துகொண்டார். மூர்த்தி, "பேஜாரு," என்றார் தனக்குள். மரகதம் அக்காதான் விடவில்லை.

"எடுத்து?"

"சவுண்ட கம்மி பண்ணாங்க. காதே போயிடும் போலருக்கேன்னு என்னத் திட்டினாங்க."

"அப்பறம்?"

"ரயில் போனவுடனே திரும்ப ஏத்தினாங்க. நான் என்னமோ சொல்ல வந்தேன், பேசாதன்னு கைய காட்டிட்டாங்க. அந்தப் பையன் என்ன சொல்லப் போறான்னு கேக்கணுமாம்."

மேடம் டீயை ஒரு வாய் குடித்தார். "ரூல்படி நீங்க தோத்துட்டீங்க," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆனா ரயில் இருக்கட்டும். சண்டைக்கு நடுவுல அப்படி ஒரு சத்தம் போட்டும் எங்க அத்தை சேனல மாத்தலன்னா, அதுல என்னமோ இருக்கு. வான்கோழி மட்டும் எங்கியும் போகாது. அவங்களுக்கு அதுவும் புடிச்சிருச்சு."

மரகதம் அக்கா பையைக் காலால் நாற்காலிக்கடியில் தள்ளினார். "மேக்கப்மேன வரச் சொல்லு தம்பி," என்றார்.

அண்ணா போய்க் கேமரா பக்கத்தில் நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் "ஆக்‌ஷன்" என்றார்.

அப்புறம் தொடர் ஓடியது. பிய்த்துக்கொண்டு ஓடவில்லை, படுக்கவும் இல்லை. முகம் மூன்று முறை ஃப்ரீஸ் ஆனது. இடி இடித்தது. பெரியம்மாவை மட்டும் அண்ணா இழுத்தடித்து இழுத்தடித்து வரவிடாமலே முடித்துவிட்டார். நான் எழுதிய நல்ல வரிகளில் பாதி வெளியே வரவில்லை, வான்கோழிக்காக எழுதியவை எல்லாமே வந்தன. ஆனால் ஒவ்வொரு வாரமும் ரயில் வந்தது, போனது, யாரோ ஒருவர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டார். கடைசி எபிசோட் டேப்பை அனுப்பிவிட்டு ஜிஎஸ்டி ரோட்டில் நின்று கரும்பு ஜூஸ் குடித்தபோது எனக்கு வந்த நிம்மதி நாவலூர் ஏசியில்கூட இல்லை.

ஆகவே சண்டை போடலாமா என்றால், போடுங்கள். ஆனால் எதற்காக என்று முதலில் நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள், முடிந்தால் வால்யூமை ஏற்றி. எதிரே இருப்பவர் எதை வெட்டச் சொல்கிறார் என்பதை மட்டும் கேட்காதீர்கள். அவர் கை எந்த ஒயரைத் தேடுகிறது என்று பாருங்கள். அதற்கப்புறமும் அவர் தப்பு என்று தோன்றினால், தாராளமாகச் சண்டை போடுங்கள். ரசனை, எருமை இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போடாதீர்கள்.

தொடர் முடிந்த அன்று வான்கோழியை என்ன பண்ணுவது என்று கேள்வி வந்தது. பழைய வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். மூர்த்தி அண்ணன், "பிரியாணி," என்று ஆரம்பித்தார், மரகதம் அக்கா பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுதியது நான்தானே.

இப்போது அது எங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. செங்கல்பட்டு லோக்கல் போய்க்கொண்டிருக்கிறது, வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள், அது மட்டும் கத்திக்கொண்டிருக்கிறது.